தாத்தாவின் அண்ணன் ஏறிய கப்பலுக்கு 38,000 ரூபாயா?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் 1900 வாக்கில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பி வரவே இல்லை. அவர் போன வழியைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. மரபணுப் பரிசோதனை, வண்ண வரைபடம், வம்சாவளி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாயாம். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா?
- ஆரணி வாசகர்

பதில்: இப்போது கட்டாதீர்கள். நீங்கள் தேடுகிற விவரம் அநேகமாக ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலின் துறைமுகமான டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது வரை குறித்தார்கள். ஊர் திரும்பியிருந்தால் பல இடங்களில் அதையும் எழுதியிருக்கிறார்கள். மனிதர்களைச் சரக்குபோல் கணக்கு வைத்த பதிவேடுதான் அது. ஆனாலும் உங்கள் பெரிய தாத்தா அந்தக் கரையில் கால் வைத்தார் என்பதற்கு இன்று அந்த ஒரு வரிதான் சாட்சி. இப்படி ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துப்போகும்.

கப்பல் பட்டியல்கள் எனப்படும் இந்தப் பதிவேடுகள் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளமும் இலவசம்தான், கணக்கு தொடங்கினால் போதும்.

ஆனால் எங்கே தேடினாலும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர், கூடப் போனது யார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முனுசாமி என்ற பெயரில் மட்டும் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். தகப்பன் பெயரும் ஊரும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் முனிசாமி, மூன்சாமி என்றெல்லாம் மாறியிருக்கும். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது. அப்படியும் தேடிப் பாருங்கள்.

ஜில்லா விஷயத்திலும் ஏமாறக் கூடாது. அன்றைய வட ஆற்காட்டில் உங்கள் ஆரணி, போளூர், வந்தவாசி, வேலூர் எல்லாம் அடங்கும். 1911இல் தனி மாவட்டமான சித்தூர்ப் பக்கமும் அதில்தான் இருந்தது. திருப்பத்தூரோ அப்போது சேலம் ஜில்லா. இன்றைய மாவட்ட வரைபடத்தில் கோடு இழுத்து, 'இதுதான் அவர் போன வழி' என்று காட்டுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மரபணுப் பரிசோதனை அவர் ஏறிய கப்பலையோ பிறந்த ஊரையோ சொல்லாது. டர்பனில் இருக்கும் உறவினர் ஒருவரும் அதே நிறுவனத்தில் பரிசோதனை செய்திருந்தால் மட்டும் 'இவர் உங்களுக்கு உறவு' என்று காட்டலாம். பதிவேட்டைப் பார்த்து முடித்த பிறகு வேண்டுமானால் அதை யோசிக்கலாம்.

அப்புறம், அவர் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவராக இருந்தால் இந்தப் பட்டியலில் பெயரே இருக்காது. ஆள் வைத்துத் தேடுவதற்கு முன் இதையும் வீட்டில் கேளுங்கள்.

ஆள் வைத்தே தேட வேண்டுமென்றால், டர்பனில் ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய்வரக் கூடியவராகப் பாருங்கள். மணிக் கணக்கில் கூலி பேசி, சிறு தொகை முன்பணம் கொடுங்கள். மீதிப் பணம் பதிவேட்டுப் பக்கத்தின் படம், எண், கப்பல் பெயர், வந்து சேர்ந்த தேதி நான்கும் கைக்கு வந்த பிறகுதான். உம்லாசி போன்ற கப்பல்கள் பலமுறை போய்வந்தவை. கப்பல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பயணம் என்று சொல்ல முடியாது.

கேள்வி: நானும் இப்படி ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி ஏமாந்தேன். மூலப் பதிவேட்டின் நகல் தருவதாக விளம்பரம் செய்தார்கள். வந்ததோ தட்டச்சு செய்த இரண்டு பக்கக் கதை. பணம் திரும்பக் கிடைக்குமா?
- சேலம் வாசகி

பதில்: கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சொன்னதைத் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் 15 நாள் கெடு வைத்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அதை எடுத்துவிடுவார்கள்.