உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கான பரிந்துரைக் கடிதங்கள் பற்றி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு மாணவி தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைப் பற்றி என்னிடம் கூறினாள். பள்ளியளவில் விசாரித்து உறுதி செய்த பிறகே புகார் அனுப்பலாம் என்கிறார் தலைமையாசிரியர். இது முறையா?
– ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

முறையன்று. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரியவந்த உடனேயே காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. விசாரணை உங்கள் வேலையன்று. குழந்தை சொன்னதை அவளுடைய சொற்களிலேயே, தேதியிட்டு எழுதி வையுங்கள். மறுபடி மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098 இன்னும் செயல்படுகிறதா?
– அங்கன்வாடிப் பணியாளர்

செயல்படுகிறது. இரவிலும் அழைக்கலாம், கட்டணமில்லை.

கணவரை இழந்த கூலித் தொழிலாளி ஒருவரின் இரண்டு பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கும்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதினேன். மூன்று மாதமாகியும் பதில் இல்லை. ஏன் இந்த அலட்சியம்?
– தன்னார்வலர், மதுரை

அலட்சியம் யாருடையது என்பதை உங்கள் கடித நகலைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். அதில் முகவரி இல்லை, பிள்ளைகளின் வயது இல்லை, அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டதற்கான அடையாளமும் இல்லை. "மிகவும் பரிதாபமான நிலை" என்ற தொடர் மட்டும் மூன்று இடங்களில் வருகிறது. நான் குழுவில் இருந்த ஆண்டுகளில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதாம். வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் இந்தப் பழக்கத்தை நான் எத்தனை முறை கண்டித்திருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் நாடவேண்டிய இடம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே கூறுகிறது. நீங்கள் அணுக வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை. கேட்க வேண்டியது மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவின் நிதி ஆதரவை. கணவரை இழந்த தாயின் பிள்ளைகள் அதற்குத் தகுதியுள்ளவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் எழுபதாயிரம் சொச்சம், நகரத்தில் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்ற வரம்புக்குள் இருந்தால், அத்திட்டத்தின் அனுமதிக் குழு ஒப்புதல் அளித்த பின் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வரும். தாயின் சம்மதத்தோடு, நீங்கள் என்றைக்குப் போனீர்கள், என்ன பார்த்தீர்கள், குடும்பம் என்ன கேட்கிறது என்பதைத் தேதியிட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள், பரிதாபத்தை விட்டுவிடுங்கள்.

பிரசவ வார்டில் விட்டுச் செல்லப்பட்ட சிசுவை வளர்க்க ஒரு நல்ல தம்பதியர் முன்வந்துள்ளனர். கொடுக்கலாமா?
– செவிலியர்

கூடாது. 24 மணி நேரத்துக்குள் 1098, காவல் நிலையம், நலக் குழு ஆகியவற்றுள் ஒன்றுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாயினும் தத்தெடுப்புக்குப் பதிவுசெய்து காத்திருக்கட்டும்.

பரிந்துரைத்த குழந்தையின் விவரத்தை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிரலாமா?
– பெயர் வேண்டாம் என்கிறார்

உங்கள் பெயர் வெளிவரக் கூடாது என்கிறீர்கள். அந்தக் குழந்தையின் பெயர் மட்டும் நாற்பது கைப்பேசிகளுக்குப் போகலாமா? பகிர்ந்திருந்தால் இன்றே நீக்குங்கள்.