மூன்று புள்ளிகள்

வணக்கம் ஐயா,

வருடம் முழுக்க விடுப்பைச் சேர்த்து வைத்து, டிசம்பர் கடைசியில் மொத்தமாகப் பத்து நாள் எடுப்பவள் நான். கிரிக்கெட் என்றால் எனக்கு உயிர். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 26இல் தொடங்கும் மெல்போர்ன் டெஸ்டுக்காக இருட்டோடு எழுந்துவிடுவேன். இரவில் இங்கிலாந்து கால்பந்து. நடுவில் கைப்பேசியில் ஸ்கோர், கிளிப், முகம் தெரியாத ரசிகர்களோடு வாக்குவாதம். 2024இல் நாங்கள் மெல்போர்னில் தோற்றபோது இரண்டு நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. புத்தாண்டும் அப்படியே போயிற்று. "அவங்களுக்கு உன்னைத் தெரியுமா?" என்று மாமியார் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பதினொரு வயது மகன், "அம்மா லீவுல இருந்தாலும் ஆபீஸ்ல இருக்கற மாதிரிதான்" என்றான். இந்த முறை எதையும் பார்க்காமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நாற்பது வயதில் இது சிறுபிள்ளைத்தனமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள சகோதரி,

பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். பிடித்த ஒன்றைத் தண்டனைபோல விட்டால் அந்தப் பத்து நாளும் அதை நினைத்துக்கொண்டே போகும். வீட்டாருக்கும் அதனால் ஒரு லாபமும் இல்லை.

மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவரிடம், பாடியவருக்கு உன்னைத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லையே. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டையாக இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து.

'நாங்கள் தோற்றபோது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ராபர்ட் சால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1976இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர்களுடைய அணி ஆடிய ஆட்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாங்கள்' என்று அதிகம் வந்தது. தோற்ற ஆட்டம் என்றால் அந்தச் சொல் குறைந்துவிட்டது. அணி ஜெயித்துவிட்டால், அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடைகளும் வகுப்பில் அதிகம் தென்பட்டன. நீங்கள் தோல்வியிலும் 'நாங்கள்' என்கிறீர்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உடம்பைக் கவனிக்க வேண்டும். 2006 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது, ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதய அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பதிவாகியிருக்கிறது. ஆட்டம் நம்முடையதோ இல்லையோ, பதற்றம் நம் உடம்பில்தான் நடக்கிறது. தூக்கமில்லாமல், இரவுக் கால்பந்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு விடிவதற்குமுன் எழுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கடிதத்தில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதும்போது இருக்கும் ஆசை கால்பந்தில் இல்லை. அது விடுமுறையை நிரப்ப வந்ததுபோல இருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

சரி, மெல்போர்னுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அதே டெஸ்டின் மூன்றாம் நாள், டிசம்பர் 28. நம் நிதிஷ்குமார் ரெட்டி 99 ரன்னில் நிற்கிறார். மறுமுனையில் பும்ரா அவுட். கடைசி ஆளாக சிராஜ் வருகிறார். அவரும் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸ் வீசும் ஓவரில் இன்னும் மூன்று பந்து மீதி. நிதிஷ் எதிர்முனையில் நின்று பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. 80,000 பேருக்கு மேல் இருந்த மைதானத்தில் அவருடைய அப்பாவும் உட்கார்ந்திருக்கிறார். சிராஜ் ஒரு பந்தைத் தடுத்தார். இன்னொன்றும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. அடுத்து போலண்ட் வீசிய ஓவரில் நிதிஷ் நேராகத் தூக்கி அடித்தார், பவுண்டரி, சதம். அப்பா அழுதார்.

கைப்பேசியில் சுற்றிய கிளிப்பில் அந்த பவுண்டரியும் அப்பாவின் கண்ணீரும் இருக்கும். சிராஜ் ஆடிய மூன்று பந்து பெரும்பாலும் இருக்காது. எனக்கோ அன்று முழுவதும் நினைவில் நின்றது அந்த மூன்று பந்துதான். என் நோட்டில் அவை மூன்று புள்ளிகள்.

நான் பார்க்கும் டெஸ்டுகளுக்குக் கையால் ஸ்கோர் எழுதுகிறேன். ஓவருக்கு ஒரு கட்டம். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறும் புள்ளியாக இருந்தால் அவற்றைக் கோட்டால் இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக்க வேண்டும், அதுதான் மெய்டன். பென்சிலும் கையுமாக உட்கார்ந்த பிறகு கைப்பேசியை எடுக்கத் தோன்றுவதில்லை. எடுத்தால் ஒரு பந்து விட்டுப்போகும், அப்புறம் கணக்கு இடிக்கும். ஒருநாள் என் மகள் வந்து, "எதுக்கு இங்க மட்டும் கோடு?" என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த மெய்டனை அவள்தான் இணைத்தாள். அதற்கு முன் அவளுக்குக் கிரிக்கெட்டில் துளி ஆர்வம் கிடையாது. இப்போதும் பெரிதாக இல்லை. ஆனால் மெய்டன் வந்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

டெஸ்ட் ஆட்டத்தில் இடம் நிறைய இருக்கிறது. உணவு இடைவேளை 40 நிமிடம், தேநீருக்கு 20 நிமிடம். ஓவர் முடிந்தால் பீல்டர்கள் நடந்து இடம் மாறும் நேரம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கென்றே விட்டதுபோல இந்த இடைவெளிகள் எனக்குத் தோன்றும். நீங்கள் அந்த இடத்தையெல்லாம் முகம் தெரியாதவர்களோடு சண்டை போடக் கொடுத்துவிட்டீர்கள். ஆபீஸ் மாதிரி என்று மகன் சொன்னது டிவியைப் பார்த்து இல்லை, அந்தக் கைப்பேசியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அதை வேறு அறையில் வையுங்கள். 40 நிமிட இடைவேளையை அவனிடம் கொடுத்துவிடுங்கள். அவன் கிரிக்கெட்தான் ஆட வேண்டும் என்றில்லை, அவன் கூப்பிடும் விளையாட்டுக்குப் போங்கள்.

தோற்றால்? அந்தக் கடைசி நாள் எனக்கும் வலித்தது. தேநீர் இடைவேளையில் 3 விக்கெட்டுக்கு 112. டிரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிறகு கடைசி 7 விக்கெட்டும் 34 ரன்னுக்குள் விழுந்தன. 155இல் எல்லாம் முடிந்தது. நோட்டை மூடிவிட்டு எழுந்தேன், அன்று மாலை நானும் அதிகம் பேசவில்லை. ஒரு மாலை போகட்டும். இரண்டு நாள் என்பது அதிகம், அதுவும் புத்தாண்டுக்கு முன்னால்.

என்னிடம் இன்னொரு பழைய பக்கம் இருக்கிறது. 2020 டிசம்பர் 19, அடிலெய்ட். இந்தியாவின் இன்னிங்ஸ் 36 ரன்னில் முடிந்த நாள். நம் டெஸ்ட் வரலாற்றிலேயே ஆகக் குறைவு. பக்கத்தில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. புரட்டினால் அடுத்த வாரமே மெல்போர்ன்: ரஹானே 112, எட்டு விக்கெட்டில் வெற்றி. இரண்டும் ஒரே தாளின் இரண்டு பக்கம். மனம் சரியில்லாத நாட்களில் நான் இரண்டு பக்கத்தையும் பார்ப்பேன். வெறுமையாகக் கிடக்கும் பாதியைத்தான் அதிக நேரம் பார்ப்பேன், ஏனென்று தெரியவில்லை.

கோடு போட்ட சாதாரண நோட்டே போதும். அளவுகோலை வைத்து மகனையே கட்டம் போடச் சொல்லுங்கள். 26ஆம் தேதி முதல் பந்துக்கு முன்னால் இரண்டு அணியின் பெயரையும் எழுதிவிடுங்கள், அப்புறம் நேரம் இருக்காது. முதல் மெய்டனை அவன் இணைக்கட்டும்.

அன்புடன்.