மதுரை போன்ற ஊர்களில் மென்பொருள் தொழில் வளர என்ன செய்ய வேண்டும்? ஐடி பார்க் வந்தால் போதுமா?

போதாது. 2012 முதல் மதுரையிலேயே இருந்துகொண்டு மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்றுப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஐடி பார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி வளாகங்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் கட்ட 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும், வெள்ளிக்கிழமை இரவு ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும். நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டடங்களில் உருவாகும் மென்பொருளை யாருக்கு விற்பது, என்ன விலை வைப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் இதே ஊரில் இருக்கும் தொழில் எப்படி வளரும் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், எனக்குத் தெரிந்தது மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த ஒரு தெருவின் கதை. கீழமாசி வீதி.

நான் தொழில் தொடங்கிய 2012ஆம் ஆண்டை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இருக்காது. என் முதல் வாடிக்கையாளர் ஒரு மளிகை மொத்தக் கடை அண்ணாச்சி. 'சர்வர்' என்று பெயர் சூட்டி அவர் கல்லாவுக்குக் கீழே, சீரக மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் மாதம் ஒரு முறையாவது தரவுக் கோப்பு சிதைந்துவிடும். போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விசிறியின் இறக்கைகளில் மிளகாய்த் தூசி படிந்து செக்கச்செவேல் என்று இருக்கும். ஊதினால் தும்மல், துடைத்தால் கண்ணெரிச்சல். ஒரு தடவை மூன்று நாள் பில்கள் மொத்தமாகப் போய்விட்டன. கார்பன் பிரதிகளை வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடியும் ஏற்றினார். அந்த இரண்டு இரவும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மென்பொருளைக் கடைக்குள் வைக்காமல் வெளியே ஒரு சர்வரில் ஏற்றி, இணையம் வழியாக மாத வாடகைக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்த மிளகாய்த் தூசிதான் காரணம். எந்தக் கருத்தரங்கிலும் நான் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. முதலில் சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வரில் இடம் பிடித்தேன். ஒரு பில் போட்டு முடிப்பதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அவ்வளவு மெதுவு. 2016 ஜூனில் அமேசான் மும்பையில் தரவு மையம் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தது. அதற்குப் பிறகுதான் இதைத் துணிந்து விற்க முடிந்தது.

விற்க முடிந்தது என்று சொன்னேனே தவிர, யாரும் வாங்கவில்லை. அண்ணாச்சி கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, சரக்கு என் கிட்டங்கியில் இருக்கிறது. கடன் சொன்னவன் உசிலம்பட்டியில் இருக்கிறான். கணக்கை மட்டும் எதற்குப் பம்பாயில் கொண்டுபோய் வைக்க வேண்டும்?"

நான் கடவுச்சொல், குறியாக்கம் என்று ஏதேதோ விளக்கினேன். அவருடைய பயம் அதுவே இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. முகம் தெரியாத திருடனைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. யாருக்கு எவ்வளவு பற்று இருக்கிறது, எந்தக் கடைக்கு என்ன விலைக்குப் போட்டார் என்பது பக்கத்துக் கடைக்குத் தெரிந்துவிடக் கூடாது. பக்கத்துக் கடைக்கும் நான்தான் மென்பொருள் கொடுத்திருந்தேன். அவருடைய சந்தேகம் என் மேல்.

அதை உடைத்தவர் ஒரு வரி ஆலோசகர். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்ததால், கடைப் பையன்கள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவருடைய மாடி அலுவலகத்துக்கு ஓடினார்கள். மேஜையில் ஒரு பழைய அல்வா டப்பா; அதற்குள் கடைப்பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டிய நாற்பது பென் டிரைவ்கள். ஒன்றில் வைரஸ் இருந்தால் நாற்பதுக்கும் பரவும். அவரே ஒரு நாள் அண்ணாச்சியிடம், "இந்தத் தம்பி சொல்கிறபடி செய்துவிடுங்கள், எனக்கு டப்பா மிச்சம்" என்று சொல்லிவிட்டார். அத்தனை நாளும் நான் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது, அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. ஆறே மாதத்தில் பதினோரு கடைகள் சேர்ந்தன. பிறகு பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் மின் விலைப்பட்டியலும் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமானது: 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கிவந்தது. 500 கோடியில் இருந்தவரை எங்கள் தெருவுக்கு அது செய்தி மட்டும்தான். 5 கோடிக்கு வந்ததும் தினமும் என் செல்போன் அடிக்க ஆரம்பித்தது.

இனிதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஒரு மொத்தக் கடைக்குள் என்னைப் போல நான்கைந்து பேர் நுழைகிறார்கள்: வரி ஆலோசகர், டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பவர், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், மின்னணுத் தராசு விற்பவர். இவர்களையெல்லாம் வெகுநாள் நான் போட்டியாளர்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வழக்கம் என்னவென்றால், ஆள் பிடித்துக் கொடுத்தால் இரண்டாயிரம் ரூபாய் கமிஷன். வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். அதன் பிறகு கடைக்காரர் என்ன ஆனார் என்று அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வாடகை மென்பொருளில் இந்தக் கணக்கு மாறுகிறது. மாதம் 600 ரூபாய் வருகிறது என்றால், கடை நம்மிடம் இருக்கும் வரை அதில் 120 அவருக்கு. ஐம்பது கடை கொண்டுவந்தவருக்கு மாதம் 6,000. ஒரு கடை கோபித்துக்கொண்டு போனால் அவருக்கும் நஷ்டம். ஆகவே, பிரிண்டரில் காகிதம் சிக்கினால்கூட இப்போது அவரே முதலில் ஓடிப்போய்ப் பார்க்கிறார். எனக்குத் திருமங்கலத்திலும் மேலூரிலும் அலுவலகம் கிடையாது, ஆட்கள் இருக்கிறார்கள்.

கூட்டு என்றால் எல்லாம் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். திருநகர்ப் பையன்கள் இருவர், லைனுக்குப் போகிறவர், அதாவது ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய் ஆர்டர் பிடிப்பவர், செல்போனிலேயே ஆர்டர் எடுக்க ஒரு செயலி செய்திருந்தார்கள். அதை என் மென்பொருளோடு இணைத்தோம். அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரம் உசிலம்பட்டிக் கடை ஒன்றுக்கு 40 எண்ணெய் டின் ஆர்டர் 80 ஆகிப்போய் லாரியிலும் ஏறிவிட்டது. கடையிலிருந்து மூன்று பேருக்கு போன் செய்திருக்கிறார்கள். நான் செயலியைக் கைகாட்டினேன், பையன்கள் என் சர்வரைக் கைகாட்டினார்கள், கம்ப்யூட்டர்காரர் இணையத்தைக் கைகாட்டினார். நடந்தது இதுதான்: நடுவழியில் சிக்னல் போனதால், ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் செயலி இரண்டாவது முறை அனுப்பியது; என் சர்வர் இரண்டையும் தனித்தனி ஆர்டராக எடுத்துக்கொண்டது. ஆர்டர் எழுதும்போதே செல்போனில் ஒரு எண் போட்டு, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதே என்று செய்தபின் சரியாகிவிட்டது. ஒரு நாள் வேலை. லாரியின் இரட்டை வாடகையை நாங்கள் மூன்று தரப்பும் பங்கு போட்டுக் கட்டினோம்.

அதற்குப் பிறகுதான் முத்திரைத்தாளில் எழுதினோம். கடைக்காரருக்கு ஒரே ஒரு போன் எண். யார் எடுத்தாலும் முடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். நம்மில் ஒருவர் விலகினால் கடையின் தரவு கடைக்கே சொந்தம், எக்செல் கோப்பாகக் கொடுத்துவிட வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு வாரம் யாரும் மென்பொருளில் புதிதாக எதையும் மாற்றக் கூடாது. சங்கக் கூட்டங்களில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டு போண்டா சாப்பிடுவதைக் கூட்டுறவு என்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்று நிபந்தனைகளைத்தான் காட்டுவேன்.

பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் போடிநாயக்கனூருக்குப் போய்வாருங்கள். 2023 முதல் மதுரையிலிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது. அங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிறது. ஒரு மையம் போடியில், இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில். 2021இல் இரண்டையும் கிளவுட் வழியாக, அதாவது இணையத்தில் இருக்கும் வெளி சர்வர் வழியாக, இணைத்தார்கள். இங்கே இருக்கும் வியாபாரியும் அங்கே இருப்பவரும் ஒரே சரக்குக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். ஏலக்காயைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் போகவில்லை. ஓடுகிற ஓட்டம் மட்டும் குறைந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு அனுபவமும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு இணைய மையங்கள் திறந்தார்கள். ஹார்வர்ட், எம்ஐடி எல்லாம் கூட்டு. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை கேட்கலாம், தாலுகா அலுவலகத்துக்கு மனு அனுப்பலாம். அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் பெரும்பாலான மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. கருவி கெட்டு மூடியதாக நான் நினைக்கவில்லை. மையம் நடத்தியவருக்கு மாதாமாதம் கையில் நின்றது என்ன என்பதில்தான் இடித்திருக்கும். மனு கொடுக்க ஒருவர் வருடத்துக்கு எத்தனை தடவை வருவார்? மளிகைக் கடைக்காரருக்கு நாளைக்கு இருநூறு பில்.

எல்லோரும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையைக் காட்டி, ஸோஹோ செய்ததை மதுரை ஏன் செய்யவில்லை என்று கேட்கிறார்கள். அந்த நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பணத்தில் காலூன்றிக்கொண்ட பிறகுதான் கிராமத்துக்கு வந்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் என் போன்றவர்கள் அதைப் பார்த்து மகிழலாம், நகலெடுக்க முடியாது. மதுரையில் தொடங்கிய நேட்டிவ்லீட் என்ற அமைப்பு, உள்ளூர்ப் பணக்காரர்களை உள்ளூர் நிறுவனங்களில் முதலீடு செய்ய வைக்க முயன்றது. அதை நிறுவிய சிவராஜா ராமநாதன்தான் பின்னர் புதுத் தொழில்களை ஊக்குவிக்கும் மாநில அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் பொறுப்புக்குப் போனார். நிலத்திலும் நகையிலும் மட்டுமே பணம் போட்டுப் பழகிய ஊரில் அது சின்ன வேலை இல்லை.

எனக்கு முதலீட்டைவிடப் பெரிய தலைவலி, பில் பணம் வராதது. கடைக்காரர்கள் 600 ரூபாயைத் தவறாமல் கொடுத்துவிடுகிறார்கள். தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம்தான் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பாட்டு. சென்னை நிறுவனத்துக்கு ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கட்டுகிற அதே கை, உள்ளூர்க்காரனுக்கு ஆறு மாதம் இழுக்கும். வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த மாற்றத்தால், குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், பணத்தைக் கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது. 2023-24 கணக்காண்டு முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். நீங்கள் தொழில் தொடங்கினால் முதல் வேலையாக, குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். நான் அச்சடித்த மாதம் இரண்டு பழைய பாக்கிகள் கேட்காமலே வந்தன. வாங்கியவரின் ஆடிட்டர்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி இப்போது செல்போனில் உசிலம்பட்டி லைனின் பாக்கியைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, கல்லாவில் இருக்கும் சிட்டையில் பென்சிலால் குறித்தும் வைத்துக்கொள்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை.