மகளை மொழிபெயர்க்க விடாதீர்கள்

சகோதரி, டாக்டர் பேசும் மொழி தெரியாததால், மகனின் ரத்தப் புற்றுநோய் பற்றி 12 வயது மகள்தான் உங்களுக்குச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. முதலில் அவளை அதிலிருந்து விடுவியுங்கள். அம்மா அழுவாளே என்று கெட்ட செய்தியைக் குழந்தை மென்று விழுங்கிவிடும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நர்ஸிடம் கேளுங்கள். நேரில் ஆள் இல்லாவிட்டாலும் பல மருத்துவமனைகளில் போனிலோ வீடியோவிலோ ஏற்பாடு செய்வார்கள்.

அப்புறம் மருந்து. மில்லிகிராம் என்பது மருந்தின் எடை, மில்லிலிட்டர் என்பது திரவத்தின் அளவு; இரண்டும் வேறு வேறு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று நர்ஸையே பேனாவால் குறித்துத் தரச் சொல்லி, அவர் முன்னாலேயே ஒருமுறை அளந்து காட்டுங்கள். எத்தனை டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதையும் இன்றே எழுதி வாங்கிவிடுங்கள். கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) நடக்கும்போது காய்ச்சலை விடியட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது.