பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா? வாங்கினால் உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, குளிர்பான கேனின் வளையம், கசங்கிய அலுமினியத் தாள் இவைதான் வரும். ஏழு வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். இன்றும் நான் தோண்டும் குழிகளில் பெரும்பாலானவற்றில் குப்பைதான் இருக்கிறது. அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். இல்லையென்றால் அடுத்த முறையும் அதே ஆணிதான் என்னைக் கூப்பிடும்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். அடியில் இருக்கும் வட்டமான காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறிய காந்தப்புலத்தை மற்றொரு சுருள் பிடித்துக்கொள்ளும். அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள கால வேறுபாட்டை அளந்துதான் திரையில் ஓர் எண் காட்டுகிறது. வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகங்களுக்கு எண் உயரும். இரும்புக்குத் தாழும். சிக்கல் நடுப்பகுதியில்தான். சின்னத் தங்கக் காசும் கேன் வளையமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். வளையத்தை ஒதுக்கும்படி கருவியை அமைத்தால், தங்கத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம்.

அதனால் நான் எண்ணைவிடக் காதை நம்புகிறேன். காயிலை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று அசைத்துப் பார்ப்பேன். பிறகு தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி அசைப்பேன். நான்கு பக்கமும் ஒரே மாதிரி தெளிவாக ஒலித்தால் தோண்டுவேன். ஒரு பக்கம் ஒலித்து மறுபக்கம் கரகரவென்று உடைந்தால் அநேகமாக ஆணி. ஹெட்போன் இல்லாமல் போகாதீர்கள். ஆழத்தில் கிடக்கும் காசின் சத்தம் காற்று வீசினாலே கேட்காமல் போய்விடும். காயில் தரையை ஒட்டியபடி, மெதுவாக, முந்தைய வீச்சின் மேல் பாதி படியும்படி நகர வேண்டும். வேகமாக நடந்தவர் கடந்துபோன நிலத்தில் பின்னால் வந்தவருக்குக் காசு கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒற்றைக் காசை இந்தக் கருவிகள் சுமார் 15 முதல் 25 செ.மீ. ஆழம் வரைதான் நன்றாகக் காட்டும். மண்ணில் இரும்புத் தாது மிகுந்திருந்தாலோ, உப்புநீரில் நனைந்த கடற்கரை மணலாக இருந்தாலோ அதுவும் குறையும். பல அடி ஆழத்தில் இருப்பதைக் காட்டும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மேலே விழுந்த காசு ஏன் உள்ளே போகிறது என்று கேட்பார்கள். மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே தள்ளத் தள்ள, மேலே கிடந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. டார்வின் பல ஆண்டுகள் இதைக் கவனித்து 1881-ல் எழுதியிருக்கிறார். உழவு அதைத் திரும்பவும் மேலே கொண்டுவரும். எனவே புதிதாக உழுது, மழையும் பெய்து ஈரமான வயல் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். சட்டத்தையும் முதலில் பாருங்கள், நாட்டுக்கு நாடு அது மாறும். இங்கிலாந்தில் நிலத்துக்காரர் சம்மதித்தால் தேடலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் இடத்தில் கூடாது, புதையல் என்று சட்டம் சொல்லும் வகைப் பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்தில் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்தவே அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இனி நான் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். 2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃப்ரோம் நகருக்கு அருகே ஒரு வயலில் டேவ் கிறிஸ்ப் என்பவருக்கு ஒரு சிக்னல் கிடைத்தது. தோண்டினார். ஒரு பானையின் வாய் தெரிந்தது, உள்ளே ரோமானியக் காசுகள். அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்கும். தோண்டுவதை நிறுத்தி, குழியை மூடிவிட்டு, தொல்லியலாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து மூன்று நாட்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள், எடை சுமார் 160 கிலோ.

அந்த அடுக்குகளில்தான் விஷயமே இருந்தது. அந்தக் காசுகளை வெளியிட்ட ரோமானிய ஆட்சியாளர்களில் காலத்தால் பிந்தியவர்களில் ஒருவரான கராசியஸின் காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தது. பழைய காசுகள் அதற்கு மேலே. வருடா வருடம் சேமித்துப் போட்டிருந்தால் புதியவை மேலே அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். அவ்வளவு எடையைத் தூக்கிவந்தால் அந்த மெல்லிய பானை உடைந்திருக்கும் என்பதால், பானையை முதலில் குழியில் இறக்கிவிட்டு நிரப்பியிருக்க வேண்டும். பயந்து ஒளித்துவைத்த பணமா, தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது. கிறிஸ்ப் ஆசைப்பட்டு இரவோடு இரவாக வாளியில் அள்ளியிருந்தால் 52,503 காசுகளும் மிஞ்சியிருக்கும், இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

என்னிடம் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. முதல் வருடத்தில் எடுத்த முப்பத்து நான்கு செப்புக் காசுகள் அதில் உள்ளன. எது எந்த வயலில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்று ஒன்றுகூட எழுதிவைக்கவில்லை. சிலவற்றை அமிலத்தில் போட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கினேன். களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விட்டது. அந்தக் காசுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்னக் காகித உறை: தேதி, செல்போனில் எடுத்த இடக்குறிப்பு, ஆழம், குழியின் படம். மண்ணை நீக்க வடிகட்டிய நீர் மட்டும், தேய்ப்பதே இல்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று காசுகள் சேர்ந்து வந்தால் கையை எடுத்துவிட்டு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு கருவியை ஒரு நாள் இரவல் கேளுங்கள். உங்கள் தோட்டத்திலேயே ஒரு செப்புக் காசு, ஒரு ஆணி, ஒரு கேன் வளையம் மூன்றையும் ஒரு சாண் ஆழத்தில் தனித்தனியாகப் புதைத்து, இன்னொரு காசைச் செங்குத்தாக நிறுத்திப் புதையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காயிலை அசைத்து எது எது என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று தோன்றினால் வாங்குங்கள்.