எந்த வருடத்து விமானம்?

வணக்கம் அண்ணா,

பிளாஸ்டிக் மாடல்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா மீனம்பாக்கத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கட்டிக் கொடுக்கலாம் என்று போயிங் 737-200 கிட் ஒன்றைத் தேடி வாங்கினேன். 1/144 ஸ்கேல், அதாவது நிஜத்தில் 144-இல் ஒரு பங்கு; பழைய அச்சு. பாகங்களை ஒட்டாமல் டேப் போட்டு நிறுத்தி அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது நம்ம 737 இல்லையேப்பா, என்ஜின் பின்னாடி குட்டையா இருக்கு" என்றார்.

அதன் பிறகு விவரம் தெரிந்தவர்கள் எழுதியதை எல்லாம் தேடிப் படித்தேன். மூக்கு தவறு, இறக்கை முன்பின் தள்ளியிருக்கிறது, அதுவும் தட்டையாக இருக்கிறது, ஜன்னல்கள் பெரிது, தகடுகளின் இணைப்பைக் காட்டும் பேனல் கோடுகள் புடைத்திருக்கின்றன, சக்கரம் சிறிது என்று பட்டியல் நீள்கிறது. "தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு" என்கிறார் ஒருவர். திருத்துவதற்கென்று தனியாக ரெசினில் வார்த்து விற்கும் பாகங்களோ கிட்டைவிட விலை அதிகம். ஆனால் நான் அளந்தவரை மொத்த நீளம் 212 மிமீ, சரியாகவே இருக்கிறது. இதைத் திருத்திக் கட்டலாமா? கட்டலாம் என்றால் எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

தாராளமாகக் கட்டலாம். அந்தப் பட்டியல் முழுவதையும்விட உங்கள் அப்பா சொன்ன ஒரு வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது. பட்டியல் போட்டவர்கள் கிட்டை '737-200' என்ற பொதுவான ஒன்றோடு ஒப்பிடுகிறார்கள். அப்பா தன் கை பட்ட விமானத்தோடு ஒப்பிட்டார். அவர் சுட்டிய இடத்தில் ஒரு வரலாறே இருக்கிறது.

737-100 முதலில் பறந்தது 1967 ஏப்ரல் 9 அன்று. சற்றே நீளமான 200 அதே வருடம் ஆகஸ்டில் பறந்தது. இரண்டிலும் இறக்கைக்கு அடியில் ஒட்டினாற்போல ஜேடி8டி என்ற வகை என்ஜின்கள். தரையிறங்கியதும் என்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் த்ரஸ்ட் ரிவர்சரை, 727-இல் இருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்து வைத்தார்கள். 727-க்கு என்ஜின்கள் வாலருகே இருப்பதால் அங்கே அது ஒழுங்காக வேலை செய்தது. 737-இலோ அந்தக் கதவுகள் இறக்கைக்குக் கீழே திறந்தன. திரும்பிய காற்று இறக்கையில் மோதி விமானத்தை மேலே தூக்கப் பார்த்தது. பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் சக்கரங்கள் மேல் பாரம் குறைந்தால் என்ன ஆகும்? போயிங் இதைத் திருத்த என்ஜினை மூடியிருக்கும் கூட்டையே 48 அங்குலம், அதாவது 1.22 மீட்டர் பின்னால் நீட்டியது. புதிய கதவுகளை இறக்கையைத் தாண்டி வைத்து, காற்று இறக்கையிலும் அதன் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பிலும் படாதபடி 35 பாகை சாய்த்தும் விட்டது. 1969 முதல் வந்த விமானங்கள் இந்த நீண்ட கூட்டோடுதான் வந்தன.

1.22 மீட்டரை 144-ஆல் வகுத்தால் 8.5 மிமீ. இவ்வளவு சிறிய மாடலில் இது கண்ணுக்குத் தப்பாது. அப்பா கண்ணுக்கும் தப்பவில்லை.

உங்கள் கிட்டின் அச்சு இந்த மாற்றத்துக்கு முன்பே வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். புது விமானம் செய்தியில் அடிபடும்போதே கிட் கடைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் காலத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் இருந்தது. கையில் கிடைத்த ஆரம்ப வரைபடங்களை நம்பி அச்சு வெட்டினார்கள். ஆகவே அந்தக் குட்டை என்ஜினைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். 1968 ஏப்ரலில் யுனைடெட் சேவையில் விட்ட முதல் 200-களைக் கட்டுவதாக இருந்தால் அது சரியான என்ஜின்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் 1970 முதல் வாங்கியவற்றுக்கு அது பொருந்தாது.

முதலில் எந்த நிறுவனத்தின், எந்த வருடத்து விமானம் என்பதை முடிவு செய்துவிடுங்கள். அதன் பதிவு எழுத்துகள் உட்படத் தேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. அந்த விமானத்தின் புகைப்படங்களில் உங்கள் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசங்களை மட்டும் திருத்துங்கள். யாரோ ஒருவர் வெர்னியர் அளவுகோல் வைத்துக் கண்டுபிடித்த, நீங்கள் பார்த்தும் உணராத குறைக்காக ஒரு வாரத்தைச் செலவிட வேண்டியதில்லை. நான் கட்டுவது இந்த முறையில்தான்.

புகைப்படத்தையே அளவுகோலாக்க ஒரு வழி இருக்கிறது. 737-இன் பயணிகள் ஜன்னல்கள் 20 அங்குலத்துக்கு ஒன்றாக, சீரான இடைவெளியில் இருக்கும். 1/144-இல் அது 3.53 மிமீ. நேர் பக்கவாட்டில், தூரத்தில் இருந்து டெலி லென்ஸில் எடுத்த படம் ஒன்றைப் பிடியுங்கள். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் மூக்கு வீங்கி வால் சூம்பித் தெரியும், அது உதவாது. ஒரு ஜன்னலின் நடுவில் இருந்து பத்தாவது இடைவெளி முடியும் வரைக்கும் 35.3 மிமீ வருகிற மாதிரி படத்தின் அளவை மாற்றி அச்செடுங்கள். நடுவே குளிர்காற்றுக் குழாய் மேலேறும் இடத்தில் ஜன்னல் அடைபட்டிருக்கும், அந்தக் காலி இடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இப்போது தாளில் இருப்பது உங்கள் ஸ்கேலில் ஒரு நிஜ விமானம். கிட்டின் உடல் பாதியை அதன் மேல் படுக்க வையுங்கள். எந்தக் குறை பெரிது, எது சிறிது என்பது தானே தெரிந்துவிடும். கூடவே, விமான நிலையங்களைத் திட்டமிடுபவர்களுக்காக போயிங் வெளியிட்டிருக்கும் ஆவணத்தைப் பாருங்கள். மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து வரைந்த படங்கள் அளவுகளோடு அதில் இருக்கின்றன, பொதுவில் கிடைப்பதுதான். முன்பின் தெரியாதவர் வரைந்த படத்தைவிட அது நம்பகமானது.

மொத்த நீளம் சரி என்கிறீர்கள். விமானத்தின் நீளம் 30.53 மீட்டர், உங்கள் 212 மிமீ அதற்குச் சரியாகவே வருகிறது. அப்படியிருந்தும் இறக்கை இடம் மாறியிருந்தால் எனக்கு ஒரு சந்தேகம். 100-ஐ 200 ஆக்கியபோது போயிங் இறக்கைக்கு முன்னால் 36 அங்குலமும் பின்னால் 40 அங்குலமும் சேர்த்தது. 100-க்கு வெட்டிய அச்சைப் பின்னர் நீட்டியவர்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் சேர்த்திருந்தால், மொத்த நீளம் சரியாக இருக்கும், இறக்கை மட்டும் 6, 7 மிமீ தள்ளி நிற்கும். இதைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிஜமாகவே அவ்வளவு தள்ளியிருந்தால் தயங்காமல் வெட்டுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். இறக்கை இடம் மாறிய விமானம் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் வேறு விமானமாகவே தெரியும்.

வெட்டுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. உடல் பாதிகளை ஒட்டி நன்றாகக் காய விடுங்கள். வெட்ட வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டினால் அதன் ஓரமே ரம்பத்துக்கு வழி காட்டும். இறக்கைக்கு முன்னும் பின்னும் உடலின் குறுக்குவெட்டு ஒன்றுதான், அகலம் 26, உயரம் 28 மிமீ. அதனால் இறக்கை பின்னால் தள்ளியிருந்தால், முன்னால் வெட்டி எடுத்த வளையத்தையே பின்னால் செருகலாம். இணைப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் தகட்டில் நாலைந்து பட்டைகள் ஒட்டிக்கொண்டால் நேராக நிற்கும். ஜன்னல் வரிசை கோணிப்போகுமே என்று கவலை வேண்டாம். விமானம் கட்டுகிறவர்களில் பலரும் ஜன்னல் ஓட்டைகளை எல்லாம் அடைத்துத் தேய்த்துவிட்டு, ஜன்னல்களை டெக்காலாகவே, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படமாகவே, ஒட்டுகிறார்கள். 'ஜன்னல்கள் பெரிது' என்ற புகாரும் அதோடு தீர்ந்தது.

ஓட்டைகளை அடைக்க ஃபெவிக்விக்கோடு முகப் பவுடர் குழைத்துப் பூசுவேன். பட்டி காய்ந்தால் உள்வாங்கும், இது உள்வாங்காது. ஆனால் அன்றைக்கே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். நாள் போனால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், தேய்க்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக் பள்ளமாகும், அது மேடாகவே நிற்கும்.

என்ஜினுக்கு ரெசின் வாங்க வேண்டாம். பழைய கூட்டின் வால்முனையை வெட்டி எடுத்துவிட்டு, விட்டம் பொருந்துகிற ஒரு பேனாவின் உடலில் இருந்து குழாய்த் துண்டு வெட்டிச் செருகுங்கள். சில பேனா பிளாஸ்டிக், மாடல் ஒட்டும் சிமென்ட் என்ற பசைக்குக் கரையாது, ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ரிவர்சர் கதவுகளுக்கு மெல்லிய தகட்டை வளைத்து ஒட்டினால் போதும். கதவுகளின் அந்த 35 பாகைச் சாய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது கூட்டின் முனை ஃபிளாப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு தெரியும், 1970களின் 737-க்கு அடையாளமே அதுதான்.

மூக்கில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு விமானத்தை அடையாளம் காண்பது முகத்தை வைத்துத்தான். காக்பிட் கண்ணாடிப் பாகத்தை முதலிலேயே ஒட்டி, உடலோடு ஒன்றாகக் கருதி விடுங்கள். அதைப் பத்திரப்படுத்தப் பார்த்தால் மூக்கைத் தொடவே முடியாது. உள்பக்கம் எம்-சீல் அப்பிக்கொண்டால், தேய்க்கும்போது பிளாஸ்டிக் ஓட்டையானாலும் பாதகமில்லை. அச்செடுத்த படத்தில் இருந்து மூக்கின் வரைகோட்டை ஓர் அட்டையில் நகலெடுத்து, மூக்கு இருக்கும் பகுதியை வெட்டி நீக்குங்கள். மிச்சமுள்ள அட்டையை மாடலின் மூக்கில் பொருத்தி விளக்குக்கு எதிரே பிடித்தால், வெளிச்சம் கசியும் இடம் பள்ளம், அட்டை முட்டுகிற இடம் மேடு. பள்ளத்தில் பட்டி, மேட்டில் வாட்டர் பேப்பர், மறுபடி அட்டை. வண்டிக்கு டிங்கரிங் பார்க்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான், அவர்களைப் போலவே நடுநடுவே சாம்பல் நிற பிரைமர் அடித்துப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் தெரியாத கீறலும் பள்ளமும் பிரைமரில் தெரிந்துவிடும். காக்பிட் ஜன்னல்களுக்கு 707, 727 படங்களையும் பார்க்கலாம், மூன்றுக்கும் அமைப்பு ஒன்றே. மேலே புருவம் போல உள்ள சின்ன ஜன்னல்களை மறக்க வேண்டாம்.

இறக்கை தட்டை என்பது உண்மையானால் திருத்தத்தான் வேண்டும். 737-இன் இறக்கை 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தது. உடலில் இருந்து முனை வரை 85 மிமீ என்று கொண்டால் முனை சுமார் 9 மிமீ உயர வேண்டும். உடலின் குறுக்கே கனமான தகட்டில் ஒரு சட்டம் வைத்து, அதன் இரு கைகளையும் இறக்கைக்குள் செருகினால் சாய்வு நிலைக்கும்.

சக்கர உயரத்துக்கு அப்பாவைக் கேளுங்கள். 737-ஐ வடிவமைக்கும்போதே தரையோடு தாழ்வாக வைத்தார்கள், பெரிய சாதனங்கள் இல்லாத நிலையங்களிலும் கையால் பெட்டி ஏற்ற வேண்டும் என்பதற்காக. சரக்குக் கதவின் கீழ் விளிம்பு அவருக்கு எதுவரை வரும் என்று கேட்டு, அவரையே நிற்க வைத்து அந்த உயரத்தை அளந்து 144-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் பிரதான சக்கரங்களுக்கு மூடுகதவு கிடையாது. கிட் கொடுத்திருந்தாலும் ஒட்டாதீர்கள்.

மற்றவற்றை விட்டுவிடலாம். புடைத்த பேனல் கோடுகளை நான் தேய்த்து எடுத்துவிடுவேன், திரும்பக் கீற மாட்டேன். நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய விமானத்தில் தகடுகளின் இணைப்பு கண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. சக்கர விட்டம் அரை மில்லிமீட்டர் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீண்ட என்ஜினும் பின்னால் போன வளையமும் சேர்ந்து மாடலை வாலில் உட்கார வைக்கப் பார்க்கும். மூக்கில் ஈயம் தேவை, தூண்டில் கடையில் விற்கும் குண்டுகள் போதும். முன்பக்கம் வெட்டிய வாய் வழியாகவே அவற்றைக் காக்பிட்டுக்குப் பின்னால் எம்-சீலில் பதிக்கலாம். இறக்கை, வால், என்ஜின், சக்கரம் எல்லாவற்றையும் டேப்பில் நிறுத்தி, முன்சக்கரம் தரையை விடாமல் நிற்கிறது என்று பார்த்த பிறகு வாயை ஒட்டுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

அன்புடன்