தென்னாப்பிரிக்காவில் திருச்சபை நிறவெறியை ஆதரித்ததா, எதிர்த்ததா?

இரண்டும் நடந்தது. ஆனால் ஆதரித்ததுதான் முதலில். அதை மழுப்பக் கூடாது.

1857-இல், டச்சு வம்சாவளி வெள்ளையர் முன்னின்று நடத்திய டச்சு சீர்திருத்தச் சபையின் சினட் (அதன் உயர் மன்றம்) ஒரு தீர்மானம் போட்டது. எல்லா விசுவாசிகளும் ஒரே சபையில் கூடுவதே வேதத்துக்கு ஒத்தது என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆனாலும் 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு, வெள்ளையரல்லாதவர்கள் தனியாக ஆராதிக்க வழிவிட்டது. என்ன பலவீனம்? கறுப்பு விசுவாசியோடு ஒரே திருவிருந்தில் அப்பமும் ரசமும் பெறுவதை வெள்ளையர் சிலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். பாவம் என்று கண்டிக்க வேண்டியதைப் பலவீனம் என்று தாங்கிக்கொண்டார்கள். விதிவிலக்கு நாளடைவில் விதியானது. 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே பிறந்தது. 1948-க்குப் பிறகு அரசின் நிறவெறிக் கொள்கைக்கு அந்தச் சபையின் இறையியலாளர்கள், மக்களை மொழிவாரியாகத் தேவன் சிதறடித்ததாக வேதம் சொல்லும் பாபேல் கோபுரக் கதையில்கூட ஆதாரம் தேடிக் கொடுத்தார்கள்.

எதிர்ப்பும் அதே சபைக் குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தது. வெள்ளைப் போதகர் பேயர்ஸ் நௌடே நிறவெறியை எதிர்த்து நின்றதால் 1963-இல் பிரசங்க பீடத்தையே இழந்தார். 1977-இல் அரசு அவருடைய பேச்சையும் நடமாட்டத்தையும் முடக்கும் தடையாணை போட்டது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு கலப்பினத்தவர் சபை பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986-இல் ஏற்றுக்கொண்டது. அநீதி நிறைந்த உலகில் தேவன் ஏழைகள், ஒடுக்கப்பட்டோர் பக்கம் விசேஷமாக நிற்கிறார் என்பதே அதன் அடிநாதம்.

1994-இல் கலப்பினத்தவர் சபையும், அதே குடும்பத்தில் கறுப்பருக்கென்று இருந்த தனிச் சபையும் இணைந்தன. வெள்ளையர் சபையான டச்சு சீர்திருத்தச் சபையோடு இணைப்பு இன்னும் முடியவில்லை. பெல்ஹார் அறிக்கையை ஏற்பதுதான் அங்கே பெரிய முட்டுக்கட்டை.